மேல் மூன்று தட்டு

அலுவலகத்தில் அவளுக்குப் ‘பூட்டு’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். ஊரில் உள்ள நிறுவனங்களுக்கெல்லாம் கடனைத் திருப்பிக் கட்டும் தகுதி எவ்வளவு என்று அளந்து தரம் போடுகிற கம்பெனி அது. அங்கே இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவளுக்கு அந்தப் பெயர் பட்டம்தானே தவிர வசவில்லை. அடுத்த வாரம் யாருடைய தரம் இறங்கப் போகிறது என்று அவளுக்கு இந்த வாரமே தெரிந்திருக்கும். தெரிந்ததாக அவள் முகம் ஒருநாளும் காட்டியதில்லை. லிஃப்டில் கூட வருகிறவர்கள் வாயைக் கிளறினால் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே தன் மாடியில் இறங்கிவிடுவாள்.

வீட்டில் கதை வேறு. அப்பாவுக்கு அவள் இந்த ஐம்பது வயதிலும் ‘வாயாடி’தான். ஏழு வயது வரை அவள் வாய் ஓய்ந்ததே இல்லையாம். “இவ வாயத் திறந்தா ரேடியோவ அணைச்சிடலாம், கரண்டு மிச்சம்” என்று அம்மா சொல்வாளாம். எட்டாவது வயதில் அந்த வாய் எங்கே போனது என்று யாரும் தேடவில்லை. கடை மூடிய வருடம் அது. வீட்டில் எல்லோர் பேச்சும் பாதியாகக் குறைந்திருந்தது. அதில் ஒரு குழந்தையின் பேச்சு தனியாகக் குறைந்ததை யார் கவனிப்பார்கள்? அவளே கவனித்ததில்லை.

அப்பாவின் கடை செருப்புக் கடை. கடைத்தெருவின் கடைசியில், ஒற்றைக் கதவு, உள்ளே ஒரு பெஞ்சு, கால் வைத்துப் பார்க்க ஒரு சாய்ந்த முக்காலி, மூன்று சுவரிலும் கூரை வரை பெட்டிகள். அப்பா முதலாளி, சித்தப்பா கூடமாட. வருடத்தில் எல்லா மாதமும் சுவர் நிறையச் சரக்கு வாங்கிப் போட இருவர் கையிலும் வசதி இருந்ததில்லை. அதனால் விற்ற செருப்பின் பெட்டியைக் கொடுக்காமல், செருப்பை மட்டும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, காலிப் பெட்டியை மூடி மேல் தட்டுகளில் அடுக்கிவிடுவார்கள். “கடை நெறஞ்சிருந்தாத்தான் ஆளு உள்ள வரும்” என்பது அப்பாவின் கொள்கை. இது அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்பது அவர் நம்பிக்கை.

ஒருநாள் மொத்த வியாபாரியின் ஆள் வந்தான். பள்ளிக்கூடம் திறக்க ஆறு வாரம் இருந்தது; வருடத்தின் பாதி வியாபாரம் அந்த ஒரு மாதத்தில்தான். சரக்கு கொண்டுவருவான் என்று பார்த்தால், கையில் இருந்த குடையால் மேல் தட்டில் ஒரு தட்டு தட்டினான். நாலைந்து பெட்டிகள் சருகு மாதிரி மிதந்து கீழே விழுந்தன. “மேல் மூணு தட்டும் வெறும் காத்துதானாமே?” என்றான். இனிமேல் கடனுக்குச் சரக்கில்லை, பழைய பாக்கியும் உடனே வேண்டும். அப்பா திரும்பித் தம்பியைப் பார்த்தார். தம்பி தலையைக் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது போதுமாக இருந்தது.

நாற்பத்து மூன்று வருடமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. அம்மா இறந்தபோது வாசலில் வந்து நின்ற சித்தப்பாவை அப்பா ஏறிட்டும் பார்க்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மகள் போன் செய்தாள். அக்கா தங்கை இருவரும் பெரியவர்களுக்குத் தெரியாமல் பேசிக்கொள்வது பழைய வழக்கம்.

“அக்கா, அப்பாவுக்கு ரெண்டாவது தடவையும் பக்கவாதம் வந்துடுச்சு. ஒரு பக்கம் சுத்தமா விழுந்துடுச்சு. டாக்டர் நாள் கணக்குலதான் பேசறார். பெரியப்பாவ ஒரே ஒரு தடவ கூட்டிட்டு வாயேன்.”

அவள் அப்பாவிடம் சொன்னாள். அவர் செய்தித்தாளை மடித்தார், திரும்ப விரித்தார்.

“காட்டிக் குடுத்தவன் வீட்டு வாசப்படிய நான் மிதிக்கணுமா? அவன் நல்லபடியா போய்ச் சேரட்டும். அதுக்கு மேல என்கிட்ட எதிர்பார்க்காத, வாயாடி.”

*

கம்பெனிக்கு அந்த வருடம் எழுபது நிறைந்தது. வரலாற்றை ஒரு சிறு புத்தகமாகப் போடவேண்டும் என்று இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். “உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும், ஆனா எதையும் சொல்லமாட்டீங்க. அதனால எழுதிடுங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

நிலவறையில் பழைய அட்டைகள் இருந்தன. நாற்பது இரும்பு அலமாரிகள், ஒவ்வொன்றிலும் ரொட்டித் துண்டுகள் மாதிரி நெருக்கி அடுக்கிய பழுப்பு அட்டைகள். எழுபதாம் ஆண்டு விழாக் கண்காட்சிக்கு ஐம்பது அட்டைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, மீதியை வெள்ளிக்கிழமை அரவை இயந்திரத்துக்குக் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு. அட்டைக்குப் பின்னால் அட்டையாகப் படிக்கப் படிக்க அவளுக்குச் சுவாரசியம் கூடிக்கொண்டே போனது. கம்பெனியை ஆரம்பித்தவர் ஒரு தோல் மண்டியில் கணக்கெழுதியவர். குடை பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறை. எந்தக் கடைக்காரனை நம்பிச் சரக்கு அனுப்பலாம் என்று மொத்த வியாபாரிகளுக்குத் தெரியவேண்டும். அந்தச் சேதிக்கு அவர்கள் வருடச் சந்தா கட்டினார்கள். ஊர் ஊராக ஆட்கள் போய், சாமான் வாங்குகிற மாதிரி வாங்கி, விசாரித்து எழுதி அனுப்புவார்கள். ஒன்று முதல் ஐந்து வரை தரம். ஒன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். ஐந்து என்றால் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டலாம்.

பிறகு கடைகள் போய் ஆலைகள் வந்தன. ஆலைகள் போய்க் கடன் பத்திரங்கள் வந்தன. எண்கள் போய் எழுத்துகள் வந்தன. அவள் வேலைக்குச் சேர்வதற்குச் சற்று முன் இன்னொன்றும் மாறியிருந்தது. அந்தக் காலத்தில் தரத்தைப் படிக்கிறவன் காசு கொடுத்தான். இப்போது தரம் போடப்படுகிறவனே கொடுக்கிறான். மாப்பிள்ளையிடம் கூலி வாங்கிக்கொண்டு மாப்பிள்ளையின் குணத்தைப் பெண் வீட்டில் சொல்லப்போகிற தரகர் மாதிரி. செருப்புக் கடைக்காரனுக்கு, பாவம், தன்னை ஒருவர் எடை போடுகிறார் என்பதே தெரிந்திருக்காது.

நிறுவனர் தன் ஆட்களுக்குக் கைப்பட எழுதிய விதிகள் ஒரு நோட்டில் கிடைத்தன. மூன்றாவது விதி அவளுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. ‘கடைக்காரரிடம் கடைசியாகக் கேள். முதலில் சுமை தூக்குகிறவரிடம் கேள், அடுத்து குழந்தையிடம் கேள். இவ்விருவரும் இன்னும் பொய் சொல்லப் பழகவில்லை.’ அதைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டாள். கூடவே ஒரு புள்ளிவிவரம்: நிறுவனர் காலத்தில் நான்காம் தரத்துக்கு இறக்கப்பட்ட நூறு கடைகளில் எண்பத்தொன்று ஒரு வருடத்துக்குள் மூடின. ‘நம் கணிப்பின் துல்லியம்’ என்று அதற்குத் தலைப்பு வைத்தாள். இயக்குநர் படித்துவிட்டுக் கைதட்டினார்.

அப்பாவின் அட்டையை அவள் தேடவில்லை. தன் ஊரின் பெயர் போட்ட இழுப்பறை வந்தபோது, யாருக்கும் வரக்கூடிய ஓர் ஆசை வந்தது, அவ்வளவுதான். காலணி என்ற பிரிவில் ஏழு அட்டைகள். நாலாவது அவர்களுடையது.

எழுத்து அழகாக, சாய்வாக இருந்தது. ‘அண்ணன் உரிமையாளர், தம்பி உதவி. நடத்தை நேர்மை. குடி இல்லை, சூது இல்லை. இருப்பு பார்வைக்கு நிறைவு. ஆனால் மேல் மூன்று தட்டுகளிலும் உள்ளவை காலிப் பெட்டிகள். கடைக்காரரின் மகள், வயது ஏழு இருக்கலாம், தானே சொன்னது. சித்தப்பாவின் தோளில் ஏறிப் பெட்டிகளை அடுக்குவது தான்தான் என்றும் பெருமையாகச் சொன்னாள். அருகில் இருந்த தம்பி சட்டென்று குழந்தையின் வாயைப் பொத்தினார். ஆகவே உண்மை என்று கொள்ளலாம். தரம் இரண்டிலிருந்து நான்கு.’

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், பிறகு எழுந்தாள், பிறகு மறுபடியும் உட்கார்ந்தாள்.

அவளிடம் ஒரு ஞாபகம் உண்டு. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒரு கை, அவ்வளவுதான். பசை வாசமும் தோல் வாசமும் அடிக்கிற பெரிய கை, அவள் வாயை மூக்கோடு சேர்த்து மூடுகிறது. மூச்சு முட்டுகிறது. எத்தனையோ இரவு அந்தக் கை வந்து எழுப்பியிருக்கிறது. ஏதோ விளையாட்டு, யாரோ மிரட்டியது என்று நினைத்திருந்தாள். இப்போது அந்தக் கைக்கு முன்னால் ஓர் ஆள் வந்து நின்றார். சாம்பல் நிறச் சட்டை. முக்காலியில் ஒரு கால். ‘பாப்பா, இவ்வளவு பெட்டியையும் யார் அடுக்கினாங்க?’ என்று வாயெல்லாம் சிரிப்பாகக் கேட்டார். தன்னை யாரும் அதுவரை கேட்காத அருமையான கேள்வி.

அவளுக்குள் இருந்த இன்னொருத்தி, இருபத்தாறு வருட வேலைக்காரி, அட்டையைத் திரும்பப் படித்தாள். சேதியில் பிழையில்லை. சாட்சிக்கு லாப நோக்கமில்லை. தானாக இருந்தாலும் நான்குதான் போட்டிருப்பாள். அதுதான் தாங்கவில்லை. நூறில் எண்பத்தொன்று என்று எழுதினாளே, அந்த எண்பத்தொன்றில் எத்தனை தானாக விழுந்தவை, எத்தனை ‘விழும்’ என்று சொன்னதால் விழுந்தவை? அப்பாவுக்கு ஆறு வாரம் தேவைப்பட்டது. ஆறே வாரம்.

மாடிக்குப் போய் இயக்குநரிடம், “முதல் பக்கத்து வரியை எடுத்துடலாம்னு பாக்கறேன்” என்றாள்.

“எதை, குழந்தைகிட்டக் கேளுங்கறதையா? அதுதாங்க புத்தகத்துக்கே உயிர். ஏன்?”

அட்டையில் இருக்கும் குழந்தை தான்தான் என்று சொல்லப் பூட்டுக்குப் பழக்கமில்லை. மழை வரும்போல இருக்கிறது என்றாள்.

*

அன்று மாலை, அப்பா பால்கனியில் அவளுடைய அலுவலகச் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்பத்தொரு வயதிலும் அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்லாமலே இருந்துவிடலாம், பூட்டுக்கு அது கஷ்டமில்லை. அப்பாவுக்கு உலகத்தில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான், அவளுக்கும் அப்படியே. ஆனால் அங்கே ஒருவர் பாதி உடம்போடு கதவைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்.

“அப்பா, பெட்டி காலின்னு சொன்னது சித்தப்பா இல்ல.”

“பின்ன?”

“நான்.”

அவர் துணியை நிறுத்தவில்லை. “நீ அப்ப இத்தினியூண்டு.”

“விசாரிக்க வந்த ஆள் என்கிட்டதான் கேட்டான். எங்க ஆபீஸ்லேர்ந்து வந்த ஆள்தாம்ப்பா அது. நான் சொல்லிட்டேன்.”

அப்பா சிரித்தார். அவள் எதிர்பாராதது அந்தச் சிரிப்பு.

“அவ்ளோ பெரிய கம்பெனி, ஒரு பொடிப் பொண்ணு பேச்ச நம்பித் தரம் போட்டுச்சாக்கும். நீதானே சொல்லுவ, பத்து பேரு உக்காந்து, அலசி ஆராய்ஞ்சு, அப்புறம்தான் கையெழுத்துப் போடுவோம்னு? அவன் பொண்ணு போன் போட்டு அழுதிருப்பா. ஒனக்கு மனசு எளகிடுச்சு. அதுக்குப் பழிய ஏன் உன் தலையில இழுத்துப் போட்டுக்கற?”

“பொய் இல்லப்பா.”

“உனக்குப் பொய் சொல்ல வராதுன்னு எனக்குத் தெரியும். அதான் இப்படி அசட்டுத்தனமா சொல்ற.”

கம்பெனியை நம்பினார், மகளையும் நம்பினார், அந்த இரண்டு நம்பிக்கைக்கும் நடுவில் உண்மை நுழைய இடமில்லை.

வியாழக்கிழமை மாலை அவள் அந்த அட்டையைத் தன் சாப்பாட்டுப் பையில், டப்பாவுக்கு அடியில் வைத்து வெளியே கொண்டுவந்தாள். இருபத்தாறு வருடத்தில் அந்தக் கட்டடத்திலிருந்து அவள் எடுத்துவந்த முதல் காகிதம். வாசலில் காவலாளி வழக்கம்போல் பையைத் திறந்து பார்க்காமலே, “போய்ட்டு வாங்கம்மா” என்றார். அவளையா சோதிப்பார்?

அப்பா பூதக்கண்ணாடியை எடுத்துவந்து மேசை விளக்கடியில் வைத்துப் படித்தார். ‘நடத்தை நேர்மை’ என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு கீழே போனார். வாயைப் பொத்திய வரியில் கண்ணாடி நின்றுவிட்டது. அவர் அதைக் கிட்டேயும் தள்ளியும் பிடித்துப் பார்க்க, அந்த ஒரு வரி பெரிதாகவும் சிறிதாகவும் ஆகிக்கொண்டிருந்தது.

“எழுத்து நல்லா இருக்கு” என்றார் கடைசியில். அட்டையை அவளிடம் நீட்டினார். “ஆபீஸ் பொருள். காலையிலேயே கொண்டுபோய் வெச்சிடு. உன் வேலைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடப் போகுது.”

எழுந்து தன் அறைக்குப் போனவர், கதவருகில் நின்று, திரும்பாமலே, “சனிக்கிழமை லீவுதானே? போலாம்” என்றார்.

*

வெள்ளிக்கிழமை அட்டை தன் இடத்துக்குத் திரும்பிப் போனது. மதியம் மற்ற அட்டைகளோடு அரவைக்கும் போனது.

சனிக்கிழமை காலை சித்தி கதவைத் திறந்தாள். ஒரு நிமிடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்” என்றாள். விலகி வழி விட்டாள்.

சித்தப்பா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். அப்பா உள்ளே போனதும் முகத்தைப் பார்க்கவில்லை. பழைய பழக்கம், முதலில் காலைத்தான் பார்த்தார். போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள், இடது மட்டும் வீங்கிப் பளபளவென்று. கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வலதில் குதிகால் தேய்ந்திருந்தது, இடது புதுசாக இருந்தது.

“கால் வீங்கியிருக்கேடா. ஒரு நம்பர் பெரிசா வாங்கணும்” என்றார் அப்பா.

நாற்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகு அண்ணன் தம்பிக்கிடையே வந்த முதல் வார்த்தை அதுதான். சித்தப்பாவின் பாதி வாய் கோணியது. சிரிப்பா, அழுகையா, அந்த முகத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“அது நீ இல்லன்னு தெரிஞ்சுபோச்சுடா.”

சித்தப்பா ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைத்தார். “எனக்கு... அப்பவே... தெரியும்ணே.”

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். “நீ கொஞ்சம் வெளிய இரும்மா” என்றார். கதவைச் சாத்தினார்.

சமையலறையில் சித்தி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் சித்தி பக்கத்தில் போய் நின்று, ஒரு துணியை எடுத்து, கழுவிய பாத்திரங்களைத் துடைக்க ஆரம்பித்தாள். “சித்தப்பாவுக்கு நான்தான்னு தெரியுமா சித்தி?” என்று கேட்டாள்.

“தெரியாம? பக்கத்துல இருந்த மனுஷன்.” சித்தி குழாயை மூடினாள். “நான் சொல்லாத நாளில்ல. போய்ச் சொல்லுங்க, உங்கண்ணன் மகதான் உளறினாள்னு சொல்லுங்கன்னு. ‘ஏழு வயசுப் புள்ளையக் காட்டிக் குடுத்து நான் நல்லவனாகணுமா’ன்னு கேப்பார். அப்புறம் இன்னொண்ணு சொல்லுவார். ‘அது பேசினதுல ஒண்ணுமில்ல. சின்னப்புள்ள விளையாட்டுக்குச் சொல்லுதுன்னு அந்த ஆள் போயிருப்பான். நான் வாயப் பொத்தினேன் பாரு, அப்பதான் அவன் கண்ணு மேல போச்சு. கெடுத்தது என் கைதான்’னு. உக்காந்தா அந்தக் கையத்தான் பாத்துட்டு உக்காந்திருப்பார். இப்ப அந்தக் கைதான் விழுந்துபோச்சு.”

அவள் கையில் இருந்த தட்டு எப்போதோ காய்ந்திருந்தது. துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“என்னை மன்னிச்சிடுங்க சித்தி.”

“அவர் என்னிக்கோ மன்னிச்சிட்டார்” என்றாள் சித்தி. “வாழ்ந்தது நானும்தானே. வேலை கெடைக்கல, ஊர்ல தலை காட்ட முடியல, அண்ணனக் கவுத்தவன்னு பேரு. நான் மன்னிச்சேன்னு வாய் வார்த்தைக்குச் சொல்ல மாட்டேன். நீயும் கேக்காத. டீ குடிப்பியா?”

“குடிப்பேன்” என்றாள் அவள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. ஆனால் முகத்தில், அவள் எப்போதோ சின்ன வயதில் பார்த்த ஒரு வெளிச்சம் இருந்தது.

காருக்கு வந்ததும் அவள் முன் கதவைத் திறந்து பிடித்தாள். அவர் எப்போதும் அவள் பக்கத்தில்தான் உட்காருவார்; வழியெல்லாம் கடைப் பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டு, நடந்து போகிறவர்களின் செருப்பை விமர்சித்துக்கொண்டு வருவார். இன்று பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

“முன்னாடி வாங்கப்பா.”

“இல்லம்மா. காலை நீட்டிக்கலாம்.”

கொஞ்ச தூரம் போனார்கள். செருப்பு போட்ட எத்தனையோ கால்கள் நடைபாதையில் போயின. பின்னாலிருந்து சத்தமில்லை.

“சித்தப்பா என்னப்பா சொன்னார்?”

“ஒண்ணுமில்லம்மா. பழைய கதை.”

குரலில் கோபம் இல்லை. அவள் அதைத்தான் தேடினாள். கோபம் இருந்திருந்தால் அதற்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். அம்மா போனபிறகு எட்டு வருடமாக, பல் வலியிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டை வரை, கனவில் வந்தவர்கள் வரை, ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னவர். காலையிலிருந்து அவர் ‘வாயாடி’ என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சிக்னலில் வண்டி நின்றது. பின்னால் அப்பா தனக்குள் லேசாகச் சிரிப்பது கேட்டது. “அவன் என்ன சொல்றான்னா, அந்தக் கடையில ஒருநாள்...” என்று ஆரம்பித்தார்.

அவள் கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவின் கண்கள் அவள் கண்களைச் சந்தித்தன. ஏதோ கசிந்துவிட்டதைத் துடைப்பவர்போல், அவர் உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.